முதல் மெஷினின் ஒயர் யார் கையில்?

ஓய்வு பெற்றவன் என்றதும் வழுக்கைத் தலையையும் கண்ணாடியையும் தேடாதீர்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. நம் தொழிலில் ஒரு வருடம் நோடு ஓட்டியவன் சீனியர், இரண்டு வருடம் ஓட்டியவன் பெருசு, மூன்று வருடம் ஓட்டியவன் கல்வெட்டு. நான் மூன்றேகால் வருடம் ஓட்டிவிட்டு இப்போது மாதச் சம்பள வேலைக்குப் போய்விட்டேன். ஆகவே கல்வெட்டு பேசுகிறது. கொஞ்சம் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நோடு ஓட்டுகிறவர்களின் நம் மதுரைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேரும் வந்ததும் வராததுமாகக் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, என்ன மெஷின் வாங்கலாம்?" எத்தனை கோர், எம்புட்டு ராம், எத்தனை டிபி டிஸ்க். இதெல்லாம் நெட்வொர்க்கின் இணையப் பக்கத்திலேயே அழகாகப் பட்டியல் போட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவர் யாரும் இங்கே சேர்ந்திருக்க மாட்டீர்கள். நான் சொல்லப்போவது அந்தப் பட்டியல் சொல்லாமல் விட்டதை.

முதலில், இந்த வேலை என்னவென்று என் அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாராவது வீட்டில் கேட்டால் உதவும். உலகம் முழுக்க ஒரே ஒரு பெரிய பதிவேடு, பிளாக்செயின் என்கிறார்களே, அது. அது ஆயிரக்கணக்கான மெஷின்களில் ஒரே சமயத்தில் எழுதப்படுகிறது. முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது. நம் மெஷினும் அதில் ஒன்று. அதற்குப் பெயர்தான் நோடு. முன்பணம் கட்டி, ரகசியச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் "பார்த்தேன், சரி" என்று அந்தச் சாவியால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சின்னக் கூலி. போடாமல் தூங்கினால் சின்ன அபராதம். ஆனால் ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமாகக் கையெழுத்துப் போட்டால் அது திருட்டு. முன்பணத்தை எரித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தச் சாவிக்கு மறுவாழ்வே கிடையாது.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போடுறதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?" என்றார்.

நானும் பவித்ராவும் கூட்டு. கல்லூரியில் ஒரே வகுப்பு. கீழக்குயில்குடிக்காரி. நான் குதிக்கிற ஆள், அவள் குதிப்பதற்கு முன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கல்லைப் போட்டுப் பார்க்கிற ஆள். மெஷின் செலவு என்னுடையது. முன்பணம் அவளுடையது. அவளுடையது என்றால், அவள் அப்பா தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட வைத்திருந்தது. இருந்த போர் வற்றிக்கொண்டே வந்தது. புதிதாகப் போட இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லி மகள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆயிரம் அடி தோண்டுனாலும் தண்ணி வரும்னு எவனும் எழுதித் தரமாட்டான் தாயி. நீ சொல்றதும் அதே மாதிரிதான் இருக்கு. பார்ப்போம்." பிளாக்செயின் முதலீடு பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசிய நிபுணரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பழங்காநத்தத்தில் ஒரு தையல்கடைக்கு மேலே, மொட்டை மாடிக்குக் கீழே, ஒரு அறை. அதில்தான் எங்கள் நோடு. பட்டியலில் "இரண்டு டிபி டிஸ்க்" என்றிருந்தது. இருப்பதிலேயே மலிவான இரண்டு டிபி டிஸ்க்கை வாங்கி மாட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பழைய பக்கங்களை எல்லாம் இறக்கி முடித்தால்தான் புதிய பக்கத்துக்குக் கையெழுத்துப் போட முடியும். திரையில் "இன்னும் நான்கு மணி நேரம்" என்று காட்டியது. பதினோரு நாளும் "இன்னும் நான்கு மணி நேரம்" என்றே காட்டியது. ஆசிரியர் போர்டை அழிக்கிற வேகத்துக்கு எழுத முடியாத பையனைப் போல, நாங்கள் ஒரு பக்கம் எழுதுவதற்குள் உலகம் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டது.

நெட்வொர்க்கின் பொது அரட்டையில் போய்ப் புலம்பினேன். பூனைப் படம் வைத்த ஒருவர், பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பதில் போட்டார். "டிஸ்க் எம்புட்டு பெருசுன்னு பார்த்தீங்க. எம்புட்டு வேகமா எழுதும்னு பார்த்தீங்களா?" 'எம்புட்டு' என்று எழுதுகிற ஆள் வைகைக்கு எட்டின தூரத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. வேறு டிஸ்க் மாட்டினோம். ஒன்றரை நாளில் உலகத்தைப் பிடித்துவிட்டோம்.

அடுத்தது மே மாதம். தினமும் மதியம் இரண்டு மணிக்கு மெஷின் மந்தமாகும், ஐந்து மணிக்குச் சரியாகும். எனக்கு உடனே சந்தேகம்: யாரோ எங்களைக் குறிவைத்துத் தாக்குகிறார்கள். மூன்று நாள் உட்கார்ந்து அந்த எதிரியைத் தேடினேன். நாலாம் நாள் தையல்கடை அண்ணன் ஏதோ கேட்க மேலே வந்தார். வாசலில் நின்றதுமே, "தம்பி, இதுக்குள்ள மனுசனே இருக்க முடியலையே, மெஷினு எப்படி இருக்கும்? மாடிக்குச் சுண்ணாம்பு அடிங்க" என்றார். டிஸ்க் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். மாடிக்கு வெள்ளை அடித்தோம். எதிரி ஓடிவிட்டான்.

இந்த இரண்டும் சின்னத் தப்புகள். நேரம் போனது, அவமானம் கிடைத்தது, அவ்வளவுதான். மூன்றாவது தப்பு, நாங்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது.

மெயின் மெஷின் படுத்துவிட்டால் என்ன செய்வது? ஸ்டாண்ட்பை ஒன்று வைக்கலாம் என்றேன். கீழக்குயில்குடியில் பவித்ரா வீட்டில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், இரண்டாவது மெஷின் வந்து உட்கார்ந்தது. அங்கே வேறு கூத்து. தோட்டங்களுக்கு மும்முனைக் கரன்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வீட்டு பல்பு கண்ணைச் சிமிட்டும், மெஷின் செத்துப் பிழைக்கும். அதற்கு ஒரு யுபிஎஸ். பழங்காநத்தத்தில் அதைவிடப் பெரிதாக, ஐந்து மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர். ஃபைபர் லைன் போனால் தானாக மாறிக்கொள்ள ஒரு 4ஜி ரௌட்டர். வருகிறவர்களிடமெல்லாம் அந்த இன்வெர்ட்டரைத் தட்டிக் காட்டுவேன், புது மாடு வாங்கினவன் மாதிரி.

இதில் கவனியுங்கள். ஸ்டாண்ட்பையிலும் அதே ரகசியச் சாவியைப் பிரதி எடுத்து வைத்தேன். மெஷினில் பவர் இருக்கும், கையெழுத்து மட்டும் போடாது. மெயின் போனால் ஒரு கமாண்டில் இதை எழுப்பிவிடலாம் அல்லவா? இரண்டும் ஒன்றாக ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சில நிமிடங்களில் இரண்டும் ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடும். அதைத் தடுக்க மென்பொருளிலேயே ஒரு காவல் உண்டு: கிளம்பியதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து, இதே சாவி வேறெங்காவது ஓடுகிறதா என்று பார்க்கும். அதை நான் அணைத்து வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாகிறதாம்!

பூனைப் படக்காரரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் ஒரே வரி எழுதினார்: "முதல் மெஷினோட பவர் ஒயர் உங்க கையில இருந்தா மட்டும் ரெண்டாவதை ஆன் பண்ணுங்க." நான் அதற்குக் கட்டைவிரல் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். பவித்ரா அதைத் தாளில் எழுதி ஸ்டாண்ட்பை மெஷின் தலையில் ஒட்டிவைத்தாள்.

தை மாதம். வண்டியூர்த் தெப்பத் திருவிழா. அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு காலைச் சுற்றுப் பார்க்கப் போயிருந்தேன். நாலு கரையிலும் தலைகள். போனில் நெட் என்பது பேருக்குக் கூட இல்லை. பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். தெப்பம் எங்கள் பக்கம் திரும்புகிற நேரம், எஸ்எம்எஸ் வந்தது. எங்கள் நோடைக் கண்காணிக்க வெளியூரில் ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு வைத்திருந்தோம். அது அனுப்பியிருந்தது: "மெயின் பதில் தரவில்லை."

பவித்ராவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டில், ஸ்டாண்ட்பைக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

"பவி, மெயின் செத்துருச்சு. ஸ்டாண்ட்பையைத் தூக்கு."

"செத்துருச்சுன்னு யார் சொன்னா?"

"மெசேஜ் வந்திருக்கு."

"பதில் வரலைன்னுதானடா மெசேஜ் சொல்லுது. பதில் சொல்லாதவன்லாம் செத்தவனா? நேத்து மூணு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கலை. நான் என்ன மாலை வாங்கிட்டா வந்தேன்?"

"விளையாடாத பவி. நெட்வொர்க்கோட பொதுப் பக்கத்துல பாரு, கையெழுத்து விழுதான்னு."

பார்த்தாள். "ஒரு அஞ்சாறு விடுபட்டிருக்கு. ஆனா இந்தப் பக்கம் எப்பவும் கால் மணி நேரம் பின்னாடிதான் காட்டும். இப்ப என்னன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது."

"விடுபட்டிருக்குல்ல? அப்புறம் என்ன?"

"அறைச் சாவி உங்கிட்டதான இருக்கு? போய்ப் பார்த்து ஒயரைப் பிடுங்கிட்டுச் சொல்லு. தூக்குறேன்."

கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். வண்டி அனுப்பானடிப் பக்கம் ஏதோ ஒரு சந்தில் நின்றது. அங்கே போய்ச் சேரவே அரை மணி ஆகும். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அதாவது வேலை செய்கிற மாதிரி நடித்தது. தையல்கடை அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கடையிலயா இருக்கீங்க? படிக்கட்டுக்குக் கீழ நம்ம ரூம் மெயின் ஸ்விட்ச் இருக்குல்ல, அதை ஆஃப் பண்ணுங்கண்ணே."

"ஏன் தம்பி, தீ கீ எதுவும்..."

"தீ இல்லண்ணே, அவசரம்!"

கொஞ்ச நேரத்தில் "டப்" என்று சத்தம் கேட்டது. "பண்ணியாச்சு தம்பி. மேல ஃபேன் சத்தமும் நின்னுருச்சு."

வெற்றி! பவித்ராவை மறுபடி கூப்பிட்டேன். "மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணியாச்சு. ஒயரைப் பிடுங்குன மாதிரிதான். செத்தது செத்ததுதான். இப்பத் தூக்கு!"

அவள் நிதானமாகக் கேட்டாள்: "இன்வெர்ட்டர் இருக்குல்ல?"

நான் வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டிய இன்வெர்ட்டர். ஃபேன் அதில் இல்லை. மெஷின் இருந்தது. கரன்ட் போனாலும் மெஷினைச் சாகவிடக் கூடாது என்று நான்தான் பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தேன்.

"பேட்டரி போயிருக்கும்" என்றேன்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"போன வாரம்."

"அப்ப ஜம்முனு ஓடும்."

"பவி, ஒவ்வொரு நிமிசமும் அபராதம் போகுது!"

"போகட்டும். அது டீக்காசு. எங்கப்பாவோட போரு போகக் கூடாது."

"நீ பயப்படுற, அம்புட்டுதான்."

"ஆமா, பயப்படுறேன். நீயும் கொஞ்சம் பயப்படு, ஒடம்புக்கு நல்லது."

லைன் அறுந்தது. அம்மா முழங்கையால் இடித்தார். "சாமி கண்ணு முன்னாடி போகுது, நீ கைக்குள்ளயே குனிஞ்சு கிடக்க."

இப்போது சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். முதல் கூலி வாங்கிய நாளிலிருந்து அன்றுவரை, எங்கள் நோடு ஒரு மணி நேரம் கூடத் தொடர்ந்து தூங்கியதில்லை. தூங்காத நோடுகளின் பட்டியலில் முதல் பக்கத்தில் எங்கள் பெயர் வரும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கம். அது கீழே இறங்கப்போகிறது என்ற நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை. அங்கே கிடந்தது இன்னொருவருடைய முன்பணம், இன்னொருவருடைய தோட்டத்துத் தண்ணீர். எனக்கோ என் பெயர் பெரிதாகத் தெரிந்தது.

ஸ்டாண்ட்பைக்குள் வெளியிலிருந்து நுழைய என் போனிலேயே வழி வைத்திருந்தேன். திறந்தேன். கடவுச்சொல்லை அடித்தேன். வட்டம் சுற்றியது. உள்ளே போனேனா இல்லையா என்று தெரியவில்லை. தெரியாமலேயே, ஸ்டாண்ட்பையைக் கையெழுத்துப் போட வைக்கும் கமாண்டை அடித்து அனுப்பிவிட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "இணைப்பு இல்லை" என்றது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? அதுவும் தெரியவில்லை.

சித்தியிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டுக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். வில்லாபுரம் வழியாக, ஜெய்ஹிந்துபுரம் சந்துகளில் புகுந்து, பழங்காநத்தம் வந்து சேர்ந்தேன். தெரு முனையில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். காலையில் நான் கிளம்பும்போது அந்தப் பள்ளம் இல்லை. அதற்குள் ஃபைபர் கேபிள் இரண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தையல்கடை அண்ணன் கழுத்தில் டேப்போடு படிக்கட்டிலேயே நின்றார். "என்னமோ ஏதோன்னு ஆயிருச்சு தம்பி எனக்கு" என்றார். படியேறினேன். பூட்டைத் திறந்தேன்.

அறை இருட்டு. ஃபேன் நின்றிருந்தது. அந்த இருட்டின் மூலையில் எங்கள் மெஷின் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஆனந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் போட்டேன். கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து. ஃபைபர் அறுந்ததும் 4ஜிக்கு மாறிக்கொள்ளக் கொஞ்ச நேரம் தடுமாறியிருக்கிறது. விடுபட்டவை அந்த ஐந்தாறுதான். லைன் மாறியதால் நோடின் முகவரியும் மாறிவிட்டது. கண்காணிக்கும் சர்வர் பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று எனக்கு எழுதிவிட்டது. நாங்கள் காசு போட்டு வாங்கியவையெல்லாம் சொன்ன வேலையைச் செய்திருந்தன. இன்வெர்ட்டர் செய்தது, ரௌட்டர் செய்தது.

முதலில் சிரித்தேன். பிறகு தெப்பக்குளத்துக் கரையில் போனில் சுற்றிய வட்டம் ஞாபகம் வந்தது.

கமாண்ட் போய்ச் சேர்ந்திருந்தால், கீழக்குயில்குடியில் இன்னொரு மெஷின் இதே சாவியோடு முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் எல்லாம் முடிந்தே போயிருக்கும். முன்பணம் எரிவது எனக்குத் திரையில் தெரியக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். மெயினின் ஒயரைப் பிடித்தேன். பிடுங்குவதா வேண்டாமா? ஒயர் என் கையில் இருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பவித்ராவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"ஏன் எடுக்க மாட்டேங்கிற?" கத்தினேன்.

"கை ரெண்டும் வேலையா இருந்துச்சு. மெயின் என்ன ஆச்சு?"

"ஓடுது பவி. சாகவே இல்லை. பவி, ஸ்டாண்ட்பை... ஸ்டாண்ட்பை ஓடுதா?"

"ஓடலை."

"எப்படித் தெரியும்?"

"பிளக்கு என் கையில இருக்கு."

பிடித்திருந்த மெயின் ஒயரை விட்டேன். அவள் தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உன் குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு, நீ போன்ல எதையாவது நோண்டுவன்னு. லைன் கட்டானதும் பிடுங்கிட்டேன். யுபிஎஸ்ல இருந்தும் உருவிட்டேன். அப்புறம் அந்த ஒயரை உள்ளேயும் விடலை, கீழேயும் வைக்கலை. எங்கப்பா வந்து, என்ன தாயி பாம்பு பிடிச்ச மாதிரி நிக்கிறங்கிறாரு."

தம்பிகளா, தங்கைகளா, புதிதாக மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய இன்வெர்ட்டர் வாங்குங்கள், வேகமான டிஸ்க் வாங்குங்கள், மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சாவியை மட்டும் ஒரே மெஷினில் வையுங்கள். நோடு ஒரு நாள் முழுக்கத் தூங்கினாலும் நெட்வொர்க் உங்களை மன்னிக்கும். இந்தத் தொழிலில் நாம் கெடுவது மெஷின் நின்றுபோன நேரத்தில் அல்ல. நின்றுபோனது என்று நாமே முடிவு கட்டிக்கொண்ட நேரத்தில். அந்த நேரத்தில் எழுந்து போய்ப் பார்க்கிற ஒருவரும், பார்த்துச் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஒருவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நான் அந்த ஆள் இல்லை.

மெயின் ஸ்விட்சை மறுபடி போட்டுவிட்டு, அன்று மதியமே கீழக்குயில்குடிக்குப் போனேன். பவித்ரா முதலில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இணையக் கேபிளை உருவி வைத்துவிட்டு, அதன் பிறகே ஸ்டாண்ட்பைக்குப் பவர் கொடுத்தாள். மெஷின் தனக்குள் எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்தாள். இருவரும் குனிந்து படித்தோம்.

ஒரு வரியில் என் பெயர். நான் உள்ளே நுழைந்திருக்கிறேன். தெப்பக்குளத்தில் வட்டம் சுற்றிய அதே நேரம். அதற்கு அடுத்த வரி, இப்போது நாங்கள் பவர் கொடுத்த நேரம். நடுவே எதுவும் இல்லை. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் என் கமாண்ட் வந்து விழுந்திருக்க வேண்டும். அது வந்து சேர்வதற்குள் அவள் ஒயரைப் பிடுங்கியிருக்கிறாள்.

வாசலிலிருந்து அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன தாயி, மெஷினுக்கு எதுவும் சீக்கா?"

"மெஷினு நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவர் போன பிறகு ஸ்டாண்ட்பையில் இருந்த சாவிப் பிரதியை அழித்தாள். அழிந்துவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு இணையக் கேபிளை மறுபடி செருகிவிட்டு, கீபோர்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"உன் லாகினை நான் எடுக்கவா, நீயே எடுக்கிறியா?"

"இதுலயா, மெயின்லயா?"

"ரெண்டுலயும்."

நானே எடுத்தேன். என் பெயரை அழிக்க மெஷினுக்கு ஒரு வரிதான். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். மூன்று வருடத்தில் நான் அவசரப்படாமல் அடித்த கமாண்ட் அது ஒன்றுதான்.